மூக்கருகே உள்ள வெள்ளை

மகனே,

நீ மின்னஞ்சலில் அனுப்பிய பத்திரங்கள் கிடைத்து இருபது நாளாகிறது. பரந்தன் சந்தியில் உள்ள போட்டோக்கொப்பிக் கடையில் முப்பத்திரண்டு பக்கத்தையும் அச்செடுத்து, ஓரத்தைத் தைத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு மூன்று பக்கமாக வாசித்து முடித்தேன். கமெரா ஒளியை அளந்து படம் எடுக்கும் ஒரு முறைக்கு உன் நிறுவனம் காப்புரிமை கேட்கப் போகிறது. அதைக் கண்டுபிடித்தவர்கள் என்று இரண்டு பெயர்களைப் போட்டிருக்கிறாய். முதலில் என்னுடையது, அடுத்தது உன்னுடையது. எண்பது வயதுக்கு நீ தரும் பரிசு என்று எழுதியிருந்தாய். நான் கையெழுத்து வைக்க வேண்டிய கோட்டுக்கு மஞ்சள் நிறமும் பூசியிருந்தாய். அந்தக் கோட்டில் நான் கையெழுத்து வைக்கவில்லை. வைக்கவும் மாட்டேன். இந்த ஒரு வசனத்தை எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது. எவருக்கும் 'மாட்டேன்' என்று சொல்லிப் பழகாதவன் உன் அப்பா என்பது உனக்குத் தெரியும்.

இதை உனக்கு மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் சொன்ன பொய்யைப் பலர் முன்னால் சொன்னேன். ஆகவே பேப்பரில் பலர் வாசிக்கும்படி எழுதுவதுதான் முறை என்று நினைக்கிறேன். அப்படி நினைப்பதிலும் ஏதாவது வீண்பெருமை ஒளிந்திருக்கிறதா என்று நிச்சயமில்லை. இருந்தால் மன்னித்துக்கொள். வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தவறினால் எனக்குத் தைரியம் போய்விடும்.

உன் பத்திரத்தில் உங்களுக்கு முன்னால் காப்புரிமை பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது. அதை மிக ஆர்வத்தோடு வாசித்தேன். கமெராவுக்குள் இருக்கும் ஒளிமானி, எதைக் கண்டாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எண்ணிக்கொள்ளும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒருவர் நின்றால், சுவரின் வெள்ளையைக் குறைக்கப் போய் அவர் முகத்தைக் கறுப்பாக்கிவிடும். ஒருவர் படத்தின் நடுப்பகுதிக்குக் கூடிய மதிப்புக் கொடுத்தார். அடுத்தவர் படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார். வேறொருவர் முகம் எங்கே இருக்கிறதென்று கமெராவையே தேட வைத்தார். ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் வந்தவரின் குறையைச் சொல்லித்தான் தொடங்குகிறார், அவருடைய பெயரையும் இலக்கத்தையும் மறக்காமல் எழுதிவிட்டு. அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்தது, அதே வேளை உறுத்தியது. உங்களுடைய முதலாவது உரிமைக் கோரிக்கை இப்படிச் சொல்கிறது: முகத்தின் நிறத்தைப் பார்க்காதே, அது ஆளுக்கு ஆள் மாறும், கண்ணின் வெள்ளையைப் பார், அது எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதைக்கொண்டு ஒளியைத் தீர்மானி. என் பழைய குறிப்புக் கொப்பியிலிருந்து இந்த எண்ணம் உனக்கு வந்தது. நீ பதினெட்டு வயதில் கொழும்பு வழியாக வெளிநாட்டுக்குப் போனபோது அதன் வரைபடங்களுக்காக எடுத்துப் போனாய். போரில் எங்களுடைய மற்ற எல்லாம் அழிந்த பிறகும் அந்தக் கொப்பி மட்டும் உன்னிடம் தப்பியது. அதன் எழுத்து என்னுடையது. எண்ணம் என்னுடையதல்ல.

எங்கள் ஸ்ரூடியோவில் வேலை செய்த பாக்கியத்தை உனக்கு மங்கலாக நினைவிருக்கலாம். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் திறக்கும் அந்த ஒற்றை அறைக் கடையில், தண்ணீர் அள்ளவும் கழுவிய படங்களைக் காயப் போடவும் வந்த பெண். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இனக்கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்த குடும்பம். உன் அம்மாவைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனாலும் நான் அவரை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். குளத்துக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் ஆட்களிடம் அவர்களைக் குறிக்க ஒரு சொல் இருந்தது. அதை இங்கே எழுதமாட்டேன். ஆனால் என் வாயாலும் அது வந்ததுண்டு. கடையில் எனக்கும் வாடிக்கையாளருக்கும் கண்ணாடிக் கிளாசும், அவருக்குத் தனியாக ஒரு தகரக் கோப்பையும் இருந்தன. அதை நான் வாங்கி வைக்கவில்லை, உன் அம்மாவும் வைக்கவில்லை. எப்படியோ அது அங்கே இருந்தது, நாங்கள் எல்லோரும் அதன்படி நடந்தோம்.

அது போர்க்காலம், பற்றரி வன்னிக்குள் வர அரசாங்கத் தடை இருந்தது. என் கமெரா பற்றரி இல்லாமலும் படம் எடுக்கும், ஒளிமானி மட்டும் வேலை செய்யாது. பிலிமும் கிடைப்பதில்லை. ஒரு சுருளில் உள்ள முப்பத்தாறு படத்தில் ஒன்றுகூட வீணாகக்கூடாது. நான் பௌதிகம் படிப்பித்தவன், வெயிலையும் நிழலையும் பார்த்து ஒரு அட்டவணை தயாரித்தேன். பாதிப் படம் கறுத்தது. ஒரு கலியாணத்தில் மணப்பொம்பிளையின் முகமே விழவில்லை, கூறைச் சேலையும் நகையும் மட்டும் விழுந்திருந்தன. அவளுடைய தகப்பன் வந்து, "மாஸ்ரர், நகைக்கோ மகளுக்கோ கலியாணம் செய்து வைச்சனாங்கள்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று பாக்கியம் காயப்போட்ட படங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சரியாக வந்த படங்களை எல்லாம் ஒரு பக்கம் அடுக்கினார். பிறகு சொன்னார்: "சார், மூஞ்சி வெள்ளையோ கறுப்போ, நல்லா வந்த படத்துல எல்லாம் கண்ணு வெள்ள ஒரே மாதிரித்தான் இருக்குங்க. அத வச்சுப் பாத்தா என்ன?"

அதோடு அவர் நிற்கவில்லை. வீணான பிலிம் துண்டுகளைப் பொறுக்கி, வெளிறியதிலிருந்து இருண்டது வரை வரிசையாக ஒரு மட்டையில் துளை வெட்டி ஒட்டினார். அதைத் தன் கண்ணருகே பிடித்து, எதிரில் இருப்பவரின் கண்ணை ஒவ்வொரு துண்டுக்கூடாகவும் பார்ப்பார். எந்தத் துண்டில் அந்த வெள்ளை மறைகிறதோ, அதுதான் அளவு. மறைய மிக இருண்ட துண்டு தேவைப்பட்டால் வெளிச்சம் கூடுதல் என்று பொருள். அளவுக்கு ஏற்ற நேரத்தையும் லென்சின் துவாரத்தையும் நான் பரீட்சித்து எழுதிவைத்தேன். அது மட்டும்தான் என் பங்கு. அதன் பிறகு ஒரு முகமும் கறுக்கவில்லை.

ஆசிரியர்கள் தாங்கள் செய்த கற்பித்தல் உபகரணங்களைக் காட்டும் ஒரு கண்காட்சி கிளிநொச்சியில் நடந்தது. நான் அந்த மட்டையைக் கொண்டுபோய், 'மின்கலமில்லா ஒளிமானி' என்று அழகான எழுத்தில் எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன். விருந்தினராக வந்தவர் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, இந்த எண்ணம் எப்படி வந்தது என்று கேட்டார். கழுவிய படங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது வந்தது என்றேன். யார் ஒப்பிட்டார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பாக்கியம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னோடு வந்திருந்தார். மண்டபத்தின் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது, "நல்லா சொன்னாங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். "ஓம், ஓம்" என்றேன். நீ அன்று என்னைக் கட்டிப்பிடித்தாய். உனக்கு அப்போது எட்டு வயது.

மகனே, இதோடு முடிந்திருந்தால் இதை நான் உனக்குத் தொலைபேசியில் சொல்லியிருப்பேன். பல நல்ல மனிதர்கள் செய்யும் சின்னக் களவு என்று என்னை நானே தேற்றியும் இருப்பேன். இது அதோடு முடியவில்லை.

சில மாதம் கழித்து எறிகணைகள் எங்கள் பக்கம் விழத் தொடங்கின. இடம்பெயர்ந்து வந்தவர்கள் வழியில் செத்தார்கள். அவர்கள் யார் என்று சொல்ல அந்த இடத்தில் ஆள் இருக்கவில்லை. வெயில் காலம், அன்றன்றே புதைக்க வேண்டும். பின்னால் தேடி வரும் உறவினருக்குக் காட்ட ஒவ்வொரு முகத்தையும் ஒரு படம் எடுத்து வைப்பதென்று ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்த ஒரு குழு தீர்மானித்தது. ஒருவருக்கு ஒரு படம்தான், அதற்கு மேல் பிலிம் இல்லை. அவர்களில் இரண்டு பேர் கடைக்கு வந்து, கண்காட்சியில் உங்கள் கருவியைப் பார்த்தோம், பற்றரி இல்லாமல் சரியாக எடுக்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான் என்று மிக மரியாதையாகக் கேட்டார்கள். கை நடுங்கியதை மறைக்க மேசையைப் பிடித்துக்கொண்டேன். நான் சொன்ன சொற்கள் ஒன்றுவிடாமல் நினைவிருக்கின்றன. "அது என்ர வேலை இல்லை. பாக்கியம்தான் கண்டுபிடிச்சவள், அவள்தான் அளவு பாக்கிறவள். அவளைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

புகழ் வந்தபோது மறைத்த உண்மையைப் பயம் வந்தபோது சொன்னேன். பாக்கியம் அப்போது பின்கதவடியில் வாளியோடு நின்றார். என்னைப் பார்த்தார். வாளியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு கமெராவுக்காகக் கையை நீட்டினார். நான் கொடுத்தேன். பாடசாலை மண்டபம் ஒன்றில் சடலங்களைக் கிடத்தியிருந்தார்கள். முதல் நாள் போய்வந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: "எல்லாருக்கும் கண்ணு மூடி இருக்குங்க சார். நா எதப் பாக்குறது?" அடுத்த நாள் அவரே ஒரு வழி கண்டார். அன்று இரவே நான் அதைக் கொப்பியில் ஒழுங்கான தமிழில் எழுதினேன்: 'கண்கள் மூடியிருப்பின், மூக்கருகே உள்ள வெள்ளையை அளவாகக் கொள்க.' சுருக்கமாக எழுதியதற்காகச் சந்தோசப்பட்டதும் நினைவிருக்கிறது.

போன மாதம் நீ கேட்டாயே, "அப்பா, மூக்கருகே உள்ள வெள்ளை எண்டால் என்ன? நரைச்ச மீசையோ?" என்று. நான் அதற்குப் பதில் எழுதவில்லை. நீயாக ஒரு விளக்கம் வைத்துக்கொண்டு அதைப் பத்திரத்தில் நான்காவது உரிமைக் கோரிக்கையாக்கிவிட்டாய். அதற்குப் படமும் போட்டிருக்கிறாய்: ஒரு குழந்தை தூங்குகிறது, போர்வையின் வெள்ளைக் கரை அதன் மூக்குக்கு அருகில் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். அது பஞ்சு. செத்தவர்களின் மூக்கில் வைக்கும் பஞ்சு. அதை வைத்துத்தான் அவர் அளந்தார். பஞ்சு வைக்காதவர்களுக்குத் தானே வைத்துவிட்டு அளந்தார். அந்தப் படங்களைக் கழுவியது நான். இருட்டறையில் தட்டுத் தண்ணீருக்குள் முகங்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. எல்லாம் தெளிவாக வந்தன. அந்தப் படங்களைப் பார்த்துத் தங்கள் பிள்ளைகளை அடையாளம் கண்டவர்கள் இருக்கிறார்கள்.

போன புதன்கிழமை பஸ் ஏறித் தர்மபுரத்துக்குப் போனேன். அவர் அங்கே மகள் சுமதியோடு இருக்கிறார் என்று விசாரித்து வைத்திருந்தேன், ஆனால் இத்தனை வருடமாகப் போகவில்லை. பாதி பூசிய வீட்டு வாசலில் கச்சான் கடலை காயப் போட்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு, "வாங்க சார்" என்று கதிரை கொண்டுவந்து போட்டார். சுமதி வன்னியில் பிறந்து வளர்ந்தவள், தையல் தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை. பத்திரத்தை அவளே வாசித்து அம்மாவுக்கு விளங்கப்படுத்தினாள். கண்ணின் வெள்ளை பற்றிய பகுதியை வாசித்ததும் அவளுக்கு ஒரே சந்தோசம். "என்னம்மா, நீங்களோ இதைக் கண்டுபிடிச்சனீங்கள்? எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டாள். பாக்கியம் சிரித்தார். "சொன்னா நீ நம்பவா போற? சமைக்கத் தெரியாதவன்னு தினம் திட்டுறவ."

அங்கே நான் இன்னொரு பிழை விட்டேன். மண்டபத்தில் நடந்தது மகளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து, நான்காவது கோரிக்கையை விளக்கத் தொடங்கினேன். பஞ்சு என்ற சொல்லைச் சொன்ன பிறகுதான் சுமதியின் முகத்தைக் கண்டேன். அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. அவள் பத்திரத்தை மடியில் வைத்துவிட்டு மிக அமைதியாகக் கேட்டாள்: "ஐயா, அம்மா அங்க நிண்டு படமெடுக்கேக்க நீங்கள் எங்க இருந்தனீங்கள்?"

"கடையில். கதவைப் பூட்டிக்கொண்டு" என்றேன்.

அவர் பெயரைத்தான் போட வேண்டும், என் பெயரை எடுக்கப் போகிறேன், பேப்பரிலும் எழுதப்போகிறேன், அதற்கு அனுமதி கேட்கத்தான் வந்தேன் என்று நான் தயாரித்துக்கொண்டு போனதை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். பாக்கியம் கச்சானைக் கையால் பரப்பிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "எழுதுங்க சார். அன்னைக்கி என்னையக் கேட்டுக்கிட்டா எம்பேரச் சொன்னீங்க? அப்ப நல்லா சத்தமாத்தான் சொன்னீங்க." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

தூங்கும் குழந்தையின் படத்தை அவர் கையில் வாங்கிப் பார்த்தார். "புள்ளையப் போட்டிருக்காங்க" என்றார். "சின்னதுங்க எல்லாம் இப்படித்தான் சார் கிடந்துச்சுங்க, தூங்குற மாதிரியே." பத்திரத்தைத் திருப்பித் தந்தார். "முதல்ல இருக்கிறத எடுத்துக்கச் சொல்லுங்க. கலியாண வீட்டுல, கோயில்ல எடுக்கட்டும், நல்லா இருக்கட்டும். இது வேணாம். இது கமெராக்குள்ள போக வேணாம்."

சுமதி, பெயரை மட்டும் கட்டாயம் போடத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். தாய் மறுக்கவில்லை. ஒரு கொப்பித் தாளில், கண்ணின் வெள்ளையைக் கொண்டு அளக்கும் முறை தன்னுடையது என்று சுமதி எழுத, பாக்கியம் முழுப்பெயரையும் விலாசத்தையும் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்து வைத்தார். அதன் கீழே சாட்சியாக நான் கையெழுத்து வைத்தேன். அதைப் படமெடுத்து இந்தக் கடிதத்தோடு மின்னஞ்சலில் அனுப்புகிறேன். பஞ்சு பற்றி அந்தத் தாளில் ஒரு சொல்லும் இல்லை, அவர் விடவில்லை.

இனி உனக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். சொல்லும் தகுதி இருக்கிறதோ தெரியவில்லை. உங்கள் வழக்கறிஞர்கள் நான்காவதுதான் மிகப் பலமானது என்று சொன்னதாக எழுதியிருந்தாய். அதன் காரணம் எனக்கு இப்போது விளங்குகிறது. கண்ணின் வெள்ளையை நான் கண்காட்சியில் எல்லோருக்கும் காட்டிவிட்டேன், அது புதியதல்ல என்று யாராவது சாட்சியோடு மறுக்கலாம். நான்காவதை நான் எங்கும் காட்டவில்லை, என் கொப்பியைத் தவிர எங்கும் அது எழுதப்படவில்லை. பாக்கியம் வேண்டாம் என்று சொன்னதுதான் உங்கள் பத்திரத்தில் நிலைத்து நிற்கக்கூடிய பகுதி. அதை நீக்கினால் நிறுவனம் விண்ணப்பம் முழுவதையும் கைவிடலாம். இந்த வருடம் உனக்குக் கிடைக்க வேண்டிய பதவி கிடைக்காமலும் போகலாம். அந்தப் பதவியை நம்பித்தான் உன் கலியாணத் தேதியைக் குறித்தாய் என்பதையும் நான் மறக்கவில்லை. நான் உனக்கு ஒருபோதும் நட்டம் வரும்படி ஒன்றும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். என் பெயரை எடு. முதலாவதில் அவருடைய பெயரைப் போடு. நான்காவதை எடுத்துவிடு. உன் மேலதிகாரி காரணம் கேட்டால் இந்தக் கடிதத்தை மொழிபெயர்த்துக் கொடு. அவர்கள் முன்னால் உன் கை நடுங்கினால் வெட்கப்படாதே, அது உனக்கு என்னிடமிருந்து வந்திருக்கும். நடுங்கும்போது இன்னொருவரை நோக்கி விரலை மட்டும் நீட்டிவிடாதே.

நீ என்ன செய்தாலும் நீ என் மகன்தான். உன்னை நான் கோபித்துக்கொள்ளப் போவதில்லை, அதற்கு எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் படியிறங்கும்போது பாக்கியம் என்னிடம், உங்கள் மகன் என்ன சொல்கிறார் என்று வந்து சொல்லுங்கள் என்று கேட்டார். வருகிற புதன்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். காலை ஒன்பதரை பஸ்சில் போவேன். அவர் முன்னால் நின்று என்ன சொல்ல வேண்டும் என்பதை அதற்கு முன்னால் எனக்கு எழுதி அனுப்பு.

அப்பா